காலுக்கேற்ற மெட்டு

கிளிவெட்டிப் பக்கம் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் பாண்ட் சத்தம் கேட்கத் தொடங்கும். தாளம் முதலில் பிடிபடுவது காலுக்குத்தான்.

கேப்டன் ராம் சிங் தாக்குரி (1914–2002) இந்த நுட்பம் தெரிந்தவர். தர்மசாலாவைச் சேர்ந்த கூர்க்கா வீரர். சிங்கப்பூரில் நேதாஜியின் படைக்கு இசையமைத்தார். அவருடைய ‘கதம் கதம் படாயே ஜா’ மெட்டில் அழுத்தம் விழும் இடத்தில் பாதமும் விழும், மூச்சு வாங்கவும் இடமுண்டு. களைத்தவனும் பாடிக்கொண்டே நடக்கலாம். மலாயாத் தோட்டத் தமிழர்களும் அந்தப் படையில் இருந்தார்கள்.

விடுதலைக்குப் பின் லக்னோவில் ஆயுதக் காவல் படையின் பாண்டை வளர்த்தார். கொம்பு வாத்தியத்தில் ஒரு நீண்ட சுரம் நடுங்காமல் நிற்கவே உதடு மாதக்கணக்கில் பழக வேண்டும். முரட்டுக் காவலர்களை அதற்குப் பழக்கியவருக்கு மிகவும் பிடித்ததோ நேதாஜி பரிசளித்த வயலின்!