நோட்டீஸுக்கு முன்பே சான்று வேண்டும்

அமெரிக்காவின் கட்டடங்களையும் நெடுஞ்சாலைகளையும் சிற்றூர்களையும் பல்லாண்டுகளாகப் படமெடுத்து, வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடையாக அளித்துவருபவர் கேரல் ஹைஸ்மித். யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தட்டும் என்பதே அந்தக் கொடையின் நோக்கம். 2015 டிசம்பரில் அவருடைய அறக்கட்டளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அறக்கட்டளையின் இணையதளத்தில் உள்ள படம் உரிமம் பெறாதது, 120 டாலர் கட்ட வேண்டும் என்றது அது. படத்தை எடுத்தவர் ஹைஸ்மித்தேதான். அலமி என்ற பட நிறுவனத்தின் சார்பில் ஒரு வசூல் நிறுவனம் அதை அனுப்பியிருந்தது. கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அவருடைய 18,755 படங்களுக்கு உரிமம் விற்றுவந்ததாகக் குற்றம்சாட்டி, 2016 ஜூலையில் அவர் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார். பதிப்புரிமைச் சட்டத்தின்படி அவர் வைத்த கோரிக்கைகளை நீதிமன்றம் சில மாதங்களிலேயே தள்ளுபடி செய்தது. எஞ்சியது சமரசத்தில் முடிந்தது. பொதுவுடைமையாகிவிட்ட படத்தை எவரும் விற்கலாம் என்பது கெட்டியின் வாதம். விற்பனையைப் பொறுத்தவரை அது சரியான வாதம்தான். ஆனால், ஒரு படத்தை விற்கலாம் என்பதாலேயே, அதை வேறு வழியில் பெற்றவரிடம் அபராதம் கேட்கும் உரிமை வந்துவிடாது. ஸ்டாக் புகைப்படத் தொழிலின் வசூல் முறை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

வசூலே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரெல் எடுத்து ட்விட்டர் வழியே வெளியிட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனம் வேறொருவர் பெயரில் எடுத்துக்கொண்டது. கெட்டி வழியாக அவை உலகெங்கும் போயின. மோரெல் ஆட்சேபித்ததும், தான் உரிமையை மீறவில்லை என்று அறிவிக்கக் கோரி முதலில் நீதிமன்றம் போனது ஏஎஃப்பிதான். 2013 நவம்பரில் நடுவர் குழு மோரெலுக்கு 12 லட்சம் டாலர் வழங்கியது. சட்டம் கடுமையான இழப்பீட்டை விதிக்காமல் இருந்திருந்தால், இடிபாடுகளுக்கு நடுவே உழைத்த ஒரு தனிமனிதரால் இரண்டு பெருநிறுவனங்களை எதிர்த்து நின்றிருக்க முடியாது. கெட்டி 2011இல் வாங்கிய பிக்ஸ்கவுட் போன்ற படத் தேடுபொறிகளும் அப்படித் தேவையானவைதான். தன் படம் எங்கெல்லாம் எடுத்தாளப்படுகிறது என்பதை அறிய ஒரு புகைப்படக்காரருக்கு முன்பு எளிய வழி கிடையாது. “கூகுளில் கிடைத்தது” என்ற சாக்கு அவருடைய உழைப்புக்கு ஈடாகாது.

ஆனால் அந்த மென்பொருளுக்குத் தெரிவது ஒன்றுதான்: இந்தப் படமும் அந்தப் படமும் ஒன்று. இணையதளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் முன்பே உரிமம் வாங்கியிருக்கிறாரா, வேறொரு நிறுவனம் அதையே முறைப்படி விற்றிருக்கிறதா, படம் பொதுவுடைமையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஸ்டாக் படங்கள் பலவும் ஒரே சமயத்தில் பல நிறுவனங்களிடம் கிடப்பவை என்பதால், இவை அபூர்வமான ஐயங்களும் அல்ல. இந்த அறியாமையின் மேல் சட்டத்தின் தொகைகள் ஏறி உட்காருகின்றன. அமெரிக்காவில் உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட ஒரு படத்துக்கு 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,50,000 டாலர் வரையும் இழப்பீடு விதிக்கலாம். அந்த அச்சம் ஒரு பக்கம், வக்கீல் கட்டணம் மறுபக்கம் இருக்க, நோட்டீஸில் கேட்கும் சில நூறு டாலர் மலிவாகத் தெரிகிறது. தவறு செய்தவரும் கட்டுகிறார், செய்யாதவரும் கட்டுகிறார். ஆகவே, பணம் வந்துவிட்டது என்பதைக் கொண்டு கோரிக்கை நியாயமானது என்று சொல்ல முடியாது.

சான்று கேட்காத முறை எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சீனாவின் விஷுவல் சைனா குரூப் 2019இல் காட்டியது. ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வெளியானது. எடுத்தவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் ஐரோப்பிய தெற்கு வானியல் ஆய்வகம் அதைத் தன் தளத்தில் தந்திருந்தது. விஷுவல் சைனாவோ அதைத் தன் பட்டியலில் சேர்த்து, வணிகப் பயன்பாட்டுக்குத் தன்னிடம் பணம் கட்ட வேண்டும் என்றது. சீனத் தேசியக் கொடியும் தேசியச் சின்னமும்கூட அதே பட்டியலில் இருந்தது அம்பலமானதும் தளம் மூடப்பட்டது. தியான்ஜின் நகர நிர்வாகம் 3,00,000 யுவான் அபராதம் விதித்தது. கொடியைத் தொட்டதால் அரசு தலையிட்டது. சாதாரணப் படத்துக்கு நோட்டீஸ் பெறும் ஒரு சிறு கடைக்காரருக்காக யார் தலையிடுவார்கள்?

ஆகவே, ஒவ்வொரு நோட்டீஸும் சில தகவல்களைச் சொல்லியாக வேண்டும்: படமெடுத்தவர் யார், கோருபவருக்கு அந்த உரிமை எந்த ஒப்பந்தத்தால் வந்தது, அது தனியுரிமையா, அதே பயன்பாட்டுக்கு உரிமத்தின் வழக்கமான விலை என்ன. இது செலவைக் கூட்டிச் சிறு புகைப்படக்காரர்களைத்தான் நசுக்கும் என்பார்கள். ஆனால் தாங்களே படமெடுக்கும் அந்தப் புகைப்படக்காரர்களிடம் இந்தத் தகவல்கள் பெரும்பாலும் கைவசம் இருக்கும். திண்டாடப்போவது பட்டியல்களை மொத்தமாக வாங்கிச் சேர்ப்பவர்கள்தான். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாமே என்பதும் பயனற்ற பதில். 120 டாலருக்காக யாரும் வழக்காட மாட்டார்கள். போராடிய ஹைஸ்மித்தின் பதிப்புரிமைக் கோரிக்கைகளே நிற்கவில்லை.

சட்டங்களில் இதற்கான விதைகள் இல்லாமல் இல்லை. படத்தை நீக்கச் சொல்லித் தெரிந்தே பொய் அறிவிப்பு கொடுப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லினியம் பதிப்புரிமைச் சட்டம். பணம் கேட்கும் கடிதத்துக்கு அதில் இணையான பிரிவு இல்லை. 2022இல் அங்கே தொடங்கிய பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம், தீய நோக்கோடு மனுச் செய்பவரிடம் எதிர்த்தரப்பின் செலவை வசூலிக்கலாம். ஆனால் வாரியத்துக்கே வராமல் கடிதத்தோடு முடியும் வசூலை அதுவும் தொடாது. இந்தியச் சட்டம் இதில் ஒருபடி மேல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடுத்துத் தடையாணையும் இழப்பீடும் கேட்க இடம் தருகிறது. மிரட்டியவர் தாமதமின்றி உரிமை மீறல் வழக்குத் தொடுத்து நடத்தினால் மட்டுமே அந்த வழி அடைபடும். வழக்கை நடத்தும் துணிவும் சான்றும் இருப்பவர் மட்டும் நோட்டீஸ் அனுப்பட்டும் என்ற அந்த ஏற்பாட்டை, வழக்காடும் வசதியில்லாதவருக்கும் எட்டும்படி நோட்டீஸின் கட்டாய வடிவமாகவே மாற்றலாம்.

அச்சம் குறைந்தால் யாரும் உரிமம் வாங்க மாட்டார்கள் என்ற வாதத்துக்குக் கெட்டியே 2014இல் பதில் சொன்னது. வணிக நோக்கமில்லாத தளங்கள் சுமார் 3.5 கோடி படங்களை, எடுத்தவர் பெயரோடு, இலவசமாகப் பதித்துக்கொள்ள அது அனுமதித்தது. சிறு பயனர்களை நோட்டீஸால் மட்டும் வழிக்குக் கொண்டுவர முடியாது என்பதை அந்த நிறுவனமே அறிந்திருந்தது.