மானேபஞ்சன் லாண்ட்ரோவர்கள்

டார்ஜிலிங் ஜில்லாவின் மானேபஞ்சன் என்னும் சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு ஏறும் செங்குத்தான பாதையில், 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமான லாண்ட்ரோவரின் முதல் தலைமுறை வண்டிகள் இன்னமும் பிரயாணிகளைச் சுமந்து செல்கின்றன என்றால், அதற்குக் காரணம் தயாரித்தவர்களின் கீர்த்தி மட்டுமன்று. அவற்றைத் தம் கையாலேயே பழுதுபார்த்து ஜீவித்திருக்கச் செய்யும் உரிமையாளர்களின் அசாத்தியப் பொறுமையுமாகும்.

யுத்தத்துக்குப் பின் நிலவிய எஃகுத் தட்டுப்பாட்டினால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது துருப்பிடிப்பதில்லை, ஆயினும் எஃகுச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் வெண்பொடியாக உதிரும். விஷயமறிந்தவர்கள் இடையே ரப்பர்த் துண்டை வைத்த பிறகே போல்ட்டை முடுக்குவார்கள்.

பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மஹிந்திரா டீசல் எஞ்சினைப் பொருத்திய வண்டிகள் அங்கே பல உண்டு. அசல் கெட்டதென்று வருந்துவோர் வருந்தட்டும். காட்சிசாலையில் அசையாது நிற்கும் அசலைவிட, கிடைத்த எஞ்சினோடு மலையேறும் வண்டியே சிரேஷ்டமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எல்லாவற்றிலும் ரசிக்கத்தக்கது கமான் பட்டை மாற்றும் வேலைதான். துருவேறி இறுகிய யூ-போல்ட்டு நட்டுகளில் முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து, பட்டைகளைப் பிரித்துக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிரீஸ் தடவி அடுக்கி, நடுப்போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் பிசகாமல் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக முடுக்கவேண்டும்; புதுப்பட்டைகள் பாரத்தில் படிந்ததும், சில நாள் ஓட்டத்துக்குப் பின், அதே நட்டுகள் இன்னும் கொஞ்சம் இடங்கொடுக்கும்.