பணிந்து கெடுத்தவன்: ஹாஷெக்கின் ஷ்வெய்க்கும் ஒரு பேரரசின் அந்திம காலமும்

முதலாம் உலக யுத்தத்துக்குக் காரணமான கொலைச் செய்தி ஒரு நாவலுக்குள் இப்படி வந்து சேருகிறது. பிராக் நகரில் ஒரு சிறிய வீடு. ஷ்வெய்க் என்பவன் வாதம் பிடித்த முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறான். பெர்டினான்டைக் கொன்றுபோட்டார்களாம் என்று வீட்டு வேலைக்கு வரும் பெண் சொல்கிறாள். அவனுக்குத் தெரிந்த பெர்டினான்டுகள் இரண்டு பேர். ஒருவன் மருந்துக் கடை வேலையாள். தலைக்குப் பூசும் எண்ணெயைத் தவறுதலாகக் குடித்தவன். மற்றவன் தெருவில் நாய்க் கழிவு பொறுக்குகிறவன். இந்த இருவரில் எவன் போனாலும் பெரிய நட்டமில்லை என்பது ஷ்வெய்க்கின் அபிப்பிராயம். கொல்லப்பட்டவர் முடிக்குரிய இளவரசர் என்று தெரிந்த பிறகும் ஆள் பதறவில்லை. இது துருக்கியரின் வேலையாகத்தான் இருக்கும், அவர்களிடமிருந்து பொஸ்னியாவை நாம் எடுத்திருக்கவே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தவறணைக்குப் போய்விடுகிறான்.

இந்த இடத்தில் முஸ்லிம் வாசகன் கொஞ்சம் நிற்க வேண்டும். 1914 ஜூன் 28 அன்று சரஜேவோவில் சுட்டவன் துருக்கியன் அல்ல. கவ்ரிலோ பிரின்சிப் என்ற பொஸ்னிய சேர்பிய இளைஞன். சில மாதங்களில் துருக்கி ஒஸ்திரியாவின் கூட்டாளியாகவே யுத்தத்தில் இறங்கியது. ஆகவே ஷ்வெய்க் சொன்னது பிழை. ஆனாலும் முழுக்கப் பிழையா? உஸ்மானியரிடமிருந்த பொஸ்னியாவை ஒஸ்திரியா-ஹங்கேரி 1878 இல் கைப்பற்றியது; 1908 இல் முறைப்படி தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்த இணைப்பு மூட்டிய பகைதான் சரஜேவோவில் வெடித்தது. கொலையாளியை அவன் தவறாகச் சொன்னான். காரணத்தைச் சரியாகச் சொன்னான். முட்டாளின் வாயில் வரலாற்றைக் கொடுத்துப் பேசவைப்பதுதான் இந்த நாவலின் முறை.

இதை எழுதிய யாரோஸ்லாவ் ஹாஷெக் 1883 இல் பிராக்கில் பிறந்தவர். அதே ஆண்டில் அதே நகரில்தான் கப்காவும் பிறந்தார். கப்கா ஜெர்மன் மொழியில் எழுதினார், ஹாஷெக் செக் மொழியில் எழுதினார். ஹாஷெக்கின் வாழ்க்கையே ஒரு பகிடிக் கதை. மிருகங்கள் பற்றிய சஞ்சிகையொன்றுக்கு ஆசிரியராக இருந்தபோது, உலகத்தில் இல்லாத மிருகங்களைப் படைத்துக் கட்டுரை எழுதினார். 1911 இல் ‘சட்ட எல்லைக்குள் மிதமான முன்னேற்றத்துக்கான கட்சி’ என்று ஒன்றைத் தொடங்கித் தேர்தல் கூட்டங்களை நையாண்டி மேடையாக்கினார். 1915 இல் 91ஆவது காலாட்படை ரெஜிமெண்டில் சிப்பாயானார். அவ்வருடம் செப்டெம்பரிலேயே ரஷ்யரிடம் கைதியானார். பிறகு செக் படையணி, அதன் பிறகு செஞ்சேனை. 1920 கடைசியில்தான் ஊர் திரும்பினார். 1921 இல் ‘நல்ல சிப்பாய் ஷ்வெய்க்’ வெளிவரத் தொடங்கியது. ஆறு பாகங்கள் எழுதத் திட்டமிட்டிருந்தவர், நாலாவது பாகம் முடியுமுன்னே 1923 ஜனவரி 3 இல் காலமானார். வயது 39.

கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது செசில் பரொட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜோசப் லாடாவின் சித்திரங்களும் அதில் இருந்தன. முதல் தரம் வாசித்தபோது சிரிப்புத்தான் மிஞ்சியது. இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

தவறணைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். கடைக்காரன் பாலிவெட்ஸ், சுவரில் தொங்கிய சக்கரவர்த்தியின் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டவன். ஏன் கழற்றினாய் என்று இரகசியப் பொலிஸ்காரன் கேட்கிறான். ஈக்கள் அதன்மேல் அசிங்கம் செய்தன, அதனால்தான் என்று அவன் உள்ளதைச் சொல்கிறான். ஷ்வெய்க்கும் அவனும் ஒன்றாகக் கைதாகிறார்கள். ஷ்வெய்க் எல்லாக் குற்றத்தையும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, பைத்தியம் என்று தீர்மானிக்கப்பட்டு வெளியே வருகிறான். பாலிவெட்ஸுக்குப் பத்து வருடச் சிறை. படத்தின் மரியாதையைக் காப்பாற்றக் கழற்றியவன்தான் உள்ளே போகிறான். ஹாஷெக் இதைப் பெரிதுபடுத்துவதில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் வாசகன் அந்தப் பத்து வருடத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஷ்வெய்க் உண்மையில் முட்டாளா, அல்லது முட்டாள் வேஷம் போடும் கெட்டிக்காரனா? இந்த நாவலைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். என் அபிப்பிராயத்தில் இது வாசகனின் கேள்வியே அல்ல, அரசாங்கத்தின் கேள்வி. நாவலுக்குள் இதைக் கேட்கிறவர்கள் யார் என்று பாருங்கள்: பொலிஸ், இராணுவ வைத்தியர்கள், நீதிபதிகள். ஒருகாலத்தில் இதே இராணுவம்தான் அவனைப் புத்தி மந்தமானவன் என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. யுத்தம் வந்ததும் அதே ஆள் வேண்டியதாகிவிட்டது. அவனும் சக்கர நாற்காலியில் ஏறி, பெல்கிரேடுக்குப் போவோம் என்று கத்திக்கொண்டு ஆட்சேர்ப்புக்குப் போகிறான். அதைப் பார்த்த அதிகாரிகளுக்குச் சந்தேகம். இவ்வளவு விசுவாசம் யாருக்காவது உண்மையில் இருக்குமா? அங்கேதான் பேரரசு அம்பலமாகிறது. தன் குடிமகன் தன்னை மனதார நேசிப்பான் என்று அதற்கே நம்பிக்கையில்லை.

அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஒஸ்திரியா-ஹங்கேரி என்பது ஒரு தேசமாக இருந்ததைவிட ஒரு குடும்பத்தின் சொத்தாகவே இருந்தது எனலாம். பிரான்ஸ் ஜோசப் 1848 இல் சிம்மாசனம் ஏறியவர், 1916 வரை 68 வருடம் ஆண்டார். 1867 உடன்பாட்டின்படி ஹங்கேரியர் அதிகாரத்தில் பங்கு பெற்றார்கள்; செக் மக்களுக்கு அது கிடைக்கவில்லை. இராணுவத்தில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். எல்லாச் சிப்பாய்களும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஏறக்குறைய எண்பது ஜெர்மன் கட்டளைச் சொற்கள் மட்டுமே. நில், நட, சுடு என்ற அளவுக்குத்தான் அந்த அரசு தன் மக்களோடு பேசியது. அந்தக் கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிற ஒருவன் வந்தால் என்னவாகும் என்பதே ஷ்வெய்க்கின் கதை.

அவன் ஒருபோதும் மறுப்பதில்லை. பணிந்தே கெடுக்கிறான். இரகசியத் தந்திகளை வாசிக்க லுட்விக் கங்ஹோபரின் நாவலொன்றின் இரண்டாம் பாகம் திறவுகோல். புத்தகங்களை அதிகாரிகளுக்குப் பங்கிடும் வேலை ஷ்வெய்க்குக்கு வருகிறது. எந்தக் கதையையும் முதலில் இருந்துதானே வாசிக்க வேண்டும் என்று அவன் முதலாம் பாகத்தைக் கொடுத்துவிடுகிறான். முழுப் பட்டாளத்தின் இரகசியமும் போச்சு. மாரெக் என்பவன் பட்டாளத்தின் வரலாற்றாசிரியன். இன்னும் நடக்காத வெற்றிகளையும் தோழர்களின் வீர மரணங்களையும் முன்கூட்டியே எழுதி வைக்கிறான். நாளை சாகப்போகிறவனுக்கு இன்றே வீரவரலாறு தயார். இது பகிடியாக இருந்தாலும், யுத்தங்களின் உத்தியோகபூர்வ வரலாறுகள் எழுதப்படும் முறையை அறிந்தவர்களுக்கு அவ்வளவு பகிடியாக இருக்காது.

அடுத்து, மார்க்கப் பற்றுள்ள வாசகர்களுக்குச் சங்கடம் தரக்கூடிய பகுதிக்கு வருகிறேன். இராணுவப் பாதிரி ஒட்டோ காட்ஸ் ஒரு பெரும் குடிகாரன். ஷ்வெய்க்கைச் சீட்டாட்டத்தில் பணயம் வைத்து லெப்டினன்ட் லுக்காஷிடம் இழக்கிறான். சிப்பாய்களை யுத்தத்துக்கு ஆசீர்வதித்து அனுப்புகிறவனும் இவனேதான். இதைச் சமயத்தை இழிவுபடுத்தும் எழுத்து என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவைப்பவர்கள் இருக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் சேர்ந்த மார்க்கம் என்னவாகும் என்பதையே ஹாஷெக் காட்டுகிறார். காட்ஸுக்குத் தன் வார்த்தையில் நம்பிக்கை இல்லை, கேட்கிற சிப்பாய்க்கும் இல்லை, அனுப்பிய ஜெனரலுக்கும் இல்லை.

நாமும் நம் பக்கத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1914 நவம்பரில் இஸ்தான்பூலில் ஷெய்குல் இஸ்லாமின் பெயரில் ஜிஹாத் பத்வாக்கள் வாசிக்கப்பட்டன. ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றுக்கு எதிராகவே அந்த அழைப்பு. முஸ்லிம்களை ஆண்ட ஒஸ்திரியாவோ அதன் தோழனான ஜெர்மனியோ அதில் இல்லை, ஏனென்றால் அவை கூட்டாளிகள். அதே காலத்தில் பொஸ்னிய முஸ்லிம்கள் தலையில் துருக்கித் தொப்பியும் கூடவே இராணுவ இமாமுமாக ஒஸ்திரியச் சக்கரவர்த்திக்காகப் போரிட்டார்கள். மறுபக்கத்தில் தாத்தார் முஸ்லிம்கள் ரஷ்யாவின் ஸார் மன்னனுக்காகப் போரிட்டார்கள். கலிமாச் சொன்னவன் கலிமாச் சொன்னவனைச் சுட்டான்; யாருடைய சொத்துக்காக? காட்ஸைப் பார்த்துச் சிரிக்கிற நாம் இந்தக் கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாவலே நம்மை அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறது. குளத்தில் குளிக்க இறங்கிய ரஷ்யக் கைதியொருவனின் சீருடையை ஷ்வெய்க் சும்மா போட்டுப் பார்க்கிறான். சொந்த இராணுவமே அவனை ரஷ்யன் என்று பிடித்துக் கைதிகளோடு சேர்த்துவிடுகிறது. அந்தக் கைதிகளில் பலர் தாத்தார் முஸ்லிம்கள். வேறு கொக்கேசிய இனத்தவரும் உண்டு. அவர்களுடைய பெயர்களைப் பதிகிற வேலையும் இவனிடமே வருகிறது. முஸ்லிம் பெயர்கள் ஒவ்வொன்றாக வர, இப்படியெல்லாம் பெயர் வைப்பதா, எங்கள் ஊர்ப் பெயர்களைப் போல வைத்திருக்கலாமே என்று ஷ்வெய்க் அனுதாபத்தோடு புத்திமதி சொல்கிறான்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரரசை இவ்வளவு துல்லியமாகக் கண்ட கண், அந்தத் தாத்தார்களை வாய்க்குள் நுழையாத பெயர்களாக மட்டுமே காண்கிறது. ஷ்வெய்க்குக்கு ஆயிரம் கதை தெரியும். ஒவ்வொரு பெர்டினான்டுக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கைதிகளில் ஒருவனுக்குக்கூடக் கதை இல்லை. ஹங்கேரியரும் யூதரும் இந்த நாவலில் அடிக்கடி வார்ப்பு மனிதர்களாகவே வந்துபோகிறார்கள். அறியாமையால் வந்ததென்று இதை மன்னிக்கவும் முடியாது. 1918 இல் செஞ்சேனையில் இருந்த ஹாஷெக், இன்று தாத்தாரிஸ்தானைச் சேர்ந்த புகுல்மா நகரில் துணைக் கட்டளைத் தளபதியாக இருந்தவர். அந்த மக்களோடு வாழ்ந்தவர். புகுல்மாவைப் பற்றித் தனிக் கதைகளும் எழுதினார். எழுதாமல் விட்ட பாகங்களில் ஷ்வெய்க் ரஷ்யாவுக்குள் போயிருந்தால் அந்தப் பெயர்களுக்கும் முகம் வந்திருக்குமோ என்னவோ. நம் கையில் இருப்பது முடியாத நாவல்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷ்வெய்க்கின் தந்திரம் எல்லா அரசுகளிடமும் பலிக்காது. கிழட்டுச் சோம்பலும் கடதாசிக் குவியலும் நிறைந்த ஒஸ்திரியப் பேரரசு அவனைத் தூக்கிலிடுவதற்குக்கூட ஒழுங்கான கடிதம் வரும்வரை காத்திருந்தது. அந்தத் தாமதத்தில்தான் அவன் உயிர் வாழ்ந்தான். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் பிற்காலத்தில் ஷ்வெய்க்கை ஹிட்லரின் யுத்தத்துக்குள் கொண்டுபோய் விட்டார். அங்கே அதே பகிடிகளுக்கு அடியில் வேறொரு குளிர் இருக்கிறது. கடிதத்துக்குக் காத்திராமல் கொல்கிற அரசின் முன்னால் முட்டாள் வேஷம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

1918 இல் அந்தப் பேரரசு இல்லாமற் போனது. அதை வீழ்த்தியது ஷ்வெய்க் அல்ல; தோல்வியும் பசியும் தேசிய இயக்கங்களும்தான். ஆனால் அது விழுவதற்கு முன்னரே உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை என்பதை இந்த நாவலைப் போலக் காட்டிய எழுத்து குறைவு. நாவலை வாசிக்கிறவர்கள் ஷ்வெய்க்கோடு சேர்ந்து சிரிக்கட்டும். சிரித்து முடிந்த பிறகு சிறையில் இருக்கும் பாலிவெட்ஸையும், பெயர்ப் பட்டியலில் மட்டுமே இடம் கிடைத்த அந்தத் தாத்தார்களையும் ஒருகணம் நினைக்க வேண்டும்.