அச்சில் வந்தால் நிறுவல் ஆகுமா?
இரண்டின் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 147573952589676412927 ஒரு பகா எண் என்று, பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் தம் நூலின் முன்னுரையில் எழுதினார். நிறுவல் தரவில்லை. ஆயினும் அக்கூற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது! 1876-இல் லூக்காஸ், காரணிகளைக் காணாமலேயே அது பகு எண் என மெய்ப்பித்தார். 1903-இல் அமெரிக்கரான கோல் அக்காரணிகளை அளித்தார்: 193707721, 761838257287.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் கோலைப் புகழ்ந்து, லூக்காஸை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். இது குறையே. காரணி தெரியாமலேயே ஓர் எண் பகுபடும் என அறிய முடிவதுதானே பெரு வியப்பு? ஆய்வுக்கூடத்தில் பிறர் அளவீட்டைச் சரிபார்க்காமல் ஏற்பதில்லை, கணிதத்திலும் அவ்வாறே. மாணவ நண்பர்களே, தாளும் எழுதுகோலும் எடுங்கள்; மேற்கண்ட இரண்டையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். என் சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்!