சாரலும் எண்ணெய் அடுப்பும்

வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடுகிற தமிழ்நாட்டில், உஷ்ணத்தை உண்டாக்கும் ஒரு கருவியின் குணதோஷங்களை ஆராய்வது வீண் காரியம் என்று வேலூரிலோ திருச்சியிலோ இருப்பவர்கள் எண்ணக்கூடும். தென்காசிக்காரர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, குற்றால மலையின்மேல் மேகம் கவிந்து, வெயிலும் தூறலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்களில், கொல்லையில் அடுக்கிய விறகு ஊறிப்போகிறது. கொடியில் போட்ட வேட்டி மூன்றாம் நாளும் சில்லென்றிருக்கிறது. ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தவன் பல் தந்தியடிக்க ஒரு வாய் காபிக்கும் ஒரு செம்பு வெந்நீருக்கும் ஏங்குகிறான். சமையல், வெந்நீர், ஈரம் போக்குதல் ஆகிய இம்மூன்று தேவைகளுக்கும் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் மத்தியதரக் குடும்பங்கள் நம்பியது மண்ணெண்ணெய் அடுப்பைத்தான். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்த அந்த அடுப்பு மூன்றாவதில் ஏன் மோசம் செய்தது என்பதற்கு விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

அதன் பெருமையை முதலில் சொல்லிவிடுவது நியாயம். நன்றாக உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,600 கிலோகலோரி உஷ்ணம் தரும்; சாரலில் நனைந்த விறகோ, தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக்குவதிலேயே அதில் ஒரு பங்கைச் செலவிட்டுவிட்டு, மிச்சத்தையும் புகையாகவும் கரியாகவும் கூரைக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் 8,300 கிலோகலோரிக்குக் குறையாது; மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பதினைந்து லிட்டர் கொள்ளும் ஒரு வாளித் தண்ணீரை 25 பாகை சூடேற்ற 375 கிலோகலோரி போதும். அடுப்பின் உஷ்ணத்தில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 90 மில்லி எண்ணெயில், அதாவது அரை டம்ளருக்கு உட்பட்ட அளவில், ஒரு மனிதன் சுகமாகக் குளித்துவிடலாம். ஊதுகுழல் பிடித்துக் கண் சிவந்து, ஈரத் தென்னமட்டையோடு மல்லாடிய பெண்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலை என்பதை, அடுப்படிக்குப் போகாமலே அடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

எண்ணெய் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகே எரிகிறது. ஆகவே எண்ணெய் அடுப்பின் அமைப்பு முழுவதும், எண்ணெயை எப்படி ஆவியாக்குவது, அந்த ஆவிக்கு வேண்டிய காற்றை எங்கிருந்து கொண்டுவருவது என்ற இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது. திரி ஸ்டவ் இவ்விரண்டுக்கும் தந்த விடை மிகவும் சாதுவானது. வட்டமாக நின்ற பருத்தித் திரிகள் எண்ணெயைத் தாமே உறிஞ்சி மேலே கொண்டுவருகின்றன. அவற்றின் இருபுறமும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் துளையிட்ட தகரக் குழல்கள், சிறிது நேரத்தில் பழுத்துச் சிவந்து, அந்தச் சூட்டினாலேயே கீழிருந்து காற்றை இழுத்து நூற்றுக்கணக்கான துளைகளின் வழியே ஜ்வாலைக்குள் புகுத்துகின்றன. பம்பு கிடையாது, விசிறி கிடையாது, ஓசையும் கிடையாது. திரிகள் ஒரே மட்டத்தில் நறுக்கப்பட்டிருந்தால் சுடர் நீலமாக நிற்கும். ஒரு திரி மட்டும் அரை அங்குலம் தூக்கிக்கொண்டால், அந்தப் பக்கம் மஞ்சளாகி, வெங்கலப் பானையின் அடியில் பிறைச்சந்திரனைப் போல் கரி படிந்துவிடும். இந்திய எண்ணெய்க் கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வுக் கழகமும் எழுபதுகளின் இறுதியில் உருவாக்கிய ‘நூதன்’ திரி ஸ்டவ், இந்தத் தத்துவத்தையே சீர்படுத்தி உஷ்ணத்தில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் பாத்திரத்தில் சேர்த்தது. பெரிய யந்திர சாஸ்திரம் எதுவும் இல்லாமல், துளைகளின் அளவையும் குழல்களின் இடைவெளியையும் திருத்தியே இவ்வளவு சாதிக்க முடிந்தது என்பது, நமது சொந்த ஆராய்ச்சிக்கூடங்கள் எளிய மனிதர்களுக்காகச் செய்த அபூர்வமான நற்காரியங்களுள் ஒன்று என்பது என் கருத்து.

அதன் பலவீனம் எண்ணெய்த் தொட்டி இருக்கும் இடம். நெருப்புக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில் தொட்டி. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றும் நிலை 35 பாகைக்குக் குறையக்கூடாது என்பது தர விதி. கலியாண வீட்டில் மூன்று மணி நேரம் ஓயாமல் எரிந்த ஸ்டவ்வின் தொட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அந்த வரம்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது கைக்கே தெரியும். அந்நிலையில், எரிகிற அடுப்பை அணைக்காமலே மூடியைத் திருகி எண்ணெய் ஊற்றுகிறவர், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே செய்கிறார்.

பம்பு ஸ்டவ்வின் விஷயம் வேறு. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் திரியையே ஒழித்துவிட்டு, எண்ணெயைச் சூடான பித்தளைக் குழலுக்குள் செலுத்தி அங்கேயே ஆவியாக்கி, ஊசிமுனைத் துளை வழியே சீறிப் பாயச் செய்யும் யுக்தியைக் கண்டார். கரியில்லாத, கடுமையான நெருப்பு அது. ‘பிரைமஸ்’ என்று பெயர் பெற்ற அந்த அடுப்பு 1911இல் அமுண்ட்ஸெனோடு தென்துருவத்துக்கும், 1953இல் ஹிலாரி டென்சிங் கோஷ்டியோடு எவரெஸ்ட் சரிவுகளுக்கும் போயிற்று. தென்காசி ரத வீதிகளின் வீடுகளில் அதற்கு அந்த வீரப் பிரதாபம் எதுவும் இல்லை. விடியற்காலையில் கிண்ணியில் சிறிது ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, அது அணையும் தறுவாயில் சாவியை இறுக்கி, பம்பை நாலு தரம் தள்ள, ‘உஸ்’ என்று தொடங்கி இரைச்சலாக வளரும் அந்தச் சப்தமே வீட்டுக்குத் திருப்பள்ளியெழுச்சி. பாதியில் சப்தம் தளர்ந்தால் நிப்பிள் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே தகரக் கைப்பிடி வைத்த ஸ்டவ் பின்னைத் தேட வேண்டும், அது ஒருபோதும் வைத்த இடத்தில் இராது.

இவ்வடுப்பின் அமைப்பு மேதாவித்தனமானது, ஆனால் கருணையற்றது. பர்னர் போதிய அளவு சூடேறுவதற்குமுன் பம்பை அடித்தவருக்கு ஆவிக்குப் பதில் எண்ணெயே பீறிட்டு வந்து ஆளுயரத்துக்குத் தீயாக எழுகிறது. வாசர் தேய்ந்தால் இணைப்புகளில் கசிகிறது. அழுக்கு எண்ணெய் கிடைத்த மாதத்தில் துளை அடைகிறது. அடுப்பைச் செய்தவர் தம் யந்திரத்தில் வைத்திருக்க வேண்டிய ஜாக்கிரதையை எல்லாம், தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகிற ஒரு பெண்ணின் கைக்கு மாற்றிவிட்டார். துருவப் பிரயாணத்துக்குப் பயிற்சி பெற்ற மாலுமிக்கு அது பொருந்தலாம். நைலான் புடவை உடுத்து, தரையில் குந்தி, இடுப்பில் குழந்தையோடு சமைக்கிறவளுக்குப் பொருந்தாது.

இதன் தொடர்பில் சொல்லாமல் விடத் தகாத ஒன்று உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாடெங்கும் இளம் மருமகள்கள் கருகி மாண்டபோது, ஸ்டவ் வெடித்துவிட்டது என்று புகுந்த வீட்டார் சொன்ன காரணத்தைப் பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. பித்தளைத் தொட்டி அத்தனை சுலபமாக வெடிப்பதில்லை; கசிவாலும் பீறிடலாலும் நேர்ந்த உண்மையான விபத்துகள் பல இருக்க, அவற்றின் நிழலில் கொலைகளும் ஒளிந்துகொண்டன. வரதட்சணை மரணத்தைத் தனிக் குற்றமாக்கி 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவு சேர்ந்தது. கையாளுகிறவரின் தவறே எல்லா விபத்துக்கும் காரணம் என்று எளிதில் நம்பத்தக்க ஒரு கருவி, கொலைகாரனுக்கும் சௌகரியமான சாட்சியாகிவிடுகிறது.

இனி, சாரல் காலத்தின் மூன்றாம் தேவைக்கு வருவோம். குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கும் குடும்பத்தினர், குளித்த ஈரத் துணிகளை அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டு, சன்னல் வழியே சாரல் அடிக்கிறதென்று அதையும் சாத்தி, நடுவில் ஸ்டவ்வை ஏற்றிவைத்தால் துணியும் காயும், குளிரும் போகும் என்று நினைப்பது இயல்பு. இங்கேதான் அடுப்பு மோசம் செய்கிறது. மண்ணெண்ணெய் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி நீராகிறது; ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. நம்பாதவர்கள், பச்சைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை அப்போதுதான் ஏற்றிய அடுப்பின்மேல் வைத்துக் குனிந்து பார்க்கலாம்: அடிப்புறம் முத்து முத்தாக வியர்த்து, ஒரு துளி சுடரில் விழுந்து ‘சுர்’ரென்னும். பாத்திரம் ஓட்டை என்று ஈயம் பூசுகிறவரிடம் கொண்டுபோனவர்கள் உண்டு. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள அறையின் காற்று 25 பாகையில் தாங்கக்கூடிய நீராவியே மொத்தம் 650 கிராம் அளவுதான். அதில் பெரும்பகுதி சாரலாலேயே நிறைந்திருக்கிறது. காற்று சூடேறச் சூடேறக் கூடுதல் ஈரம் தாங்கும் என்பது மெய்யே. ஆனால் சுவரும் காரைத் தளமும் மழையில் குளிர்ந்து கிடக்கின்றன. ஆவி அங்கே போய்ப் படிந்து, விடிவதற்குள் சுவர் கண்ணீர் வடிக்க, துணி மண்ணெண்ணெய் நாற்றத்தோடு பிசுபிசுவென்று தொங்குகிறது.

நாற்றமாவது காலையில் போய்விடும். அந்த அறையில் இருப்பது 1,000 கன அடிக் காற்று. ஒரு லிட்டர் எண்ணெய் முழுமையாக எரிய ஏறக்குறைய 350 கன அடிக் காற்றிலுள்ள பிராணவாயு செலவாகிறது. பிராணவாயு குறையக் குறைய ஜ்வாலை அரைகுறையாக எரிந்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை உமிழத் தொடங்குகிறது. விறகடுப்பு இந்த அபாயத்தை மனிதனுக்கு உரக்கச் சொல்லிற்று: கண் எரிந்தது, இருமல் வந்தது, அவன் கதவைத் திறந்தான், ஓட்டுக்கூரையில் புகைக்கூடு வைத்தான். நீலச் சுடர் எதையும் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் புகையை ஒழித்த எண்ணெய் அடுப்பு, புகைக்கூட்டையும் சேர்த்து ஒழித்துவிட்டது. நான் அதன்மீது சுமத்தும் பெரிய குற்றம் இதுவே.

குளிர் போக்குவதையே தொழிலாகக் கொண்ட நாட்டினர் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். லடாக்கிலும் காஷ்மீரத்திலும் பட்டாளத்தார் மூட்டும் ‘புகாரி’ என்னும் இரும்பு அடுப்பில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கலயத்தில் விழுந்து, சூட்டில் ஆவியாகி எரிகிறது. எரிந்த காற்று முழுவதும் குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போய்விட, இரும்பின் சூடு மட்டும் அறையில் தங்குகிறது. தத்துவம் இதுதான் சரி. ஆனாலும் குழாயில் கரி அடைத்தாலோ காற்று திருப்பி அடித்தாலோ தீ உள்ளே பாய்வதும், நச்சு வாயுவால் வீரர்கள் மாள்வதும் நேர்ந்ததால், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ‘ஹிம் தபக்’ என்ற திருத்திய வகையைச் செய்ய வேண்டியிருந்தது. 2021இல் அதைப் பற்றிச் செய்திகள் வந்தன. ஜப்பானியர்கள் குழாயில்லாத மண்ணெண்ணெய் அடுப்புகளைச் செம்மையாகச் செய்து வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் மணிக்கு ஒருமுறையேனும் சன்னலைத் திறக்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடுதான்.

நம் பக்கத்தில் எண்ணெய் அடுப்பு இப்போது வேறு வேஷம் போட்டிருக்கிறது. தமிழக அரசு 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டமும், ரேஷனில் தேய்ந்துகொண்டே போன நீல மண்ணெண்ணெயும் சேர்ந்து திரி ஸ்டவ்வைப் பரணுக்கு அனுப்பிவிட்டன. பெரும் சமையல் நடக்கிற இடங்களிலோ, ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை எரிக்கும் ப்ளோயர் அடுப்புகளைப் பார்க்கலாம். எஞ்சின் ஆயில் கனமானது. திரியில் ஏறாது, லேசில் ஆவியாகாது. ஆகையால் பழுத்த இரும்பின்மேல் அதைச் சொட்டவிட்டு, மின்விசிறியால் காற்றை அடித்து எரிக்கிறார்கள். சாரலும் மேல்காற்றும் அந்த உருமுகிற நெருப்பை ஒன்றும் செய்வதில்லை என்பதும், எறியப்பட வேண்டிய பொருள் எரிபொருளாகிறது என்பதும் அதன் பலங்கள். மின்சாரம் நின்றால் அடுத்த கணமே கரும்புகை. பழைய ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாகமும் எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்துபோவதில்லை, காற்றில் பாதியும் சாம்பலில் பாதியுமாகத் தங்குகின்றன. 2016ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய ஆயிலை அபாயகரமான கழிவு என்று வகுத்திருப்பது காரணத்தோடுதான். அந்தச் சாம்பலை மழைநீர் ஓடையில் கொட்டினால் அது சேருமிடம் சிற்றாறு. குற்றால மலையில் பிறந்து தாமிரபரணியில் கலக்கிற ஆறு.

இத்தனைக்கும் சரியான மாதிரி நம் கொல்லைப்புறத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பழைய வீடுகளின் தாமிர வெந்நீர் பாய்லரில், கீழே நெருப்பு, நடுவே மேல்வரை செல்லும் குழாய், அக்குழாயைச் சுற்றிலும் தண்ணீர். சிரட்டையும் கரியும் போட்டு மூட்டினால், வெளியேறும் புகையே போகிற போக்கில் நீரைச் சூடாக்கிவிட்டுப் போகும். அதன் அடித்தட்டில் சல்லடைக்குப் பதில் ஒரு சிறிய சொட்டுக் கலயத்தை வைத்து, எண்ணெய்த் தொட்டியை ஆறடி தள்ளிச் சுவரில் மாட்டி, இடையில் ஒரு திருகு வைத்து, மேல்காற்று திருப்பி அடிக்காமல் குழாயின் வாய்க்குக் குல்லாய் ஒன்று போட்டால், தொட்டியின் அபாயமும் ஆவியின் ஈரமும் அறைக்கு வெளியிலேயே நின்றுவிடும். துணி காய வேண்டுமானால், அந்த வெந்நீரை ஒரு குழாய் வழியாக அறைக்குள் ஒரு சுற்று சுற்றவிட்டு, அக்குழாயின்மேல் வேட்டியை விரித்துவிட்டு, சன்னலை ஒருக்களித்துத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.