புனைமொழியின் எழுத்தும் ஒலியும்: டோல்கீனின் தெங்வார் முறை – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலமும் பின்னர் ஆங்கில மொழி இலக்கியமும் கற்பித்த பேராசிரியர். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் அவருடைய புதினத்தின் இறுதியில் பல பின்னிணைப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று எழுத்தும் ஒலிப்பும் பற்றியது. எல்ஃப் இனத்தார் பேசுவதாக அவர் புனைந்த குவென்யா, சிந்தாரின் ஆகிய மொழிகளின் ஒலிப்புமுறையும், தெங்வார், கிர்த் ஆகிய எழுத்துமுறைகளும் அதில் விளக்கப்பட்டுள்ளன. இப்பகுதியை நூலின் அணிகலன் என ஒதுக்குவோர் ஒரு சாரார். குறையற்ற அறிவியல் எழுத்துமுறை எனப் போற்றுவோர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் ஏற்புடையன அல்ல என்பதும், எழுத்திலக்கணப் பயிற்சி உடையவர் இதனை வேறொரு நிலையில் மதிப்பிட இயலும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

எழுத்தின் அமைப்பு

தெங்வாரின் முதன்மை எழுத்துகள் 24. இவை நான்கு வரிசைகளாகவும் ஆறு படிநிலைகளாகவும் அமைந்துள்ளன. ஒவ்வோர் எழுத்தும் ஒரு தண்டும் ஒரு வளைவும் கொண்டது. வளைவை இரட்டித்தால் ஒலிப்பிலா ஒலி ஒலிப்புடை ஒலியாகும். கீழிறங்கிய தண்டை மேலே உயர்த்தினால் வெடிப்பொலி உரசொலியாகும். வரிசை பெரும்பாலும் பிறப்பிடத்தையும், படிநிலை ஒலிப்பு முயற்சியையும் குறிக்கும். பிறப்பிடமும் முயற்சியும் கொண்டு ஒலிகளை வகுக்கும் முறை தொல்காப்பியப் பிறப்பியலைக் கற்றவர்க்குப் புதிதன்று. ஆனால் நம் எழுத்திலக்கணம் ஒலியின் உறவுகளை நூற்பாவில் கூறியது. டோல்கீன் அவ்வுறவுகளை எழுத்தின் வடிவிலேயே பொதிந்து வைத்தார். ககரத்தின் வடிவிலிருந்து ஙகரத்தின் வடிவை உய்த்துணர இயலாது. தெங்வாரில் ஓரெழுத்தின் வடிவம் அதன் இன எழுத்தைக் காட்டிவிடும்.

இவ்வொழுங்கு முழுமையானதன்று என்பதே நோக்கத்தக்கது. தண்டு குறுகி வளைவு இரட்டித்த ஐந்தாம் படிநிலை மூக்கொலிகளுக்கு உரியது. விதியை இறுதிவரை பின்பற்றின் ஒற்றை வளைவுடைய ஆறாம் படிநிலை ஒலிப்பிலா மூக்கொலிகளைக் குறித்தல் வேண்டும். அத்தகைய ஒலிகள் இம்மொழிகளில் மிக அரியவை ஆதலின், அப்படிநிலை மெலிந்த ஒலிகளுக்கும் அரையுயிர்களுக்கும் வழங்கப்பட்டது. ஆசிரியரே இதனை எடுத்துரைக்கிறார். குறையற்ற முறை என்னும் பாராட்டு இங்கு பொருந்தாது. மொழியின் தேவைக்கு முன் விதி வளைந்து கொடுத்திருக்கிறது; வழக்குக்கு இலக்கணம் இடந்தருதலை ஒத்தது இது.

உயிரேறிய மெய்

தெங்வார் எழுத்துகள் அடிப்படையில் மெய்களே. உயிர்கள் மெய்யின் மேல் குறிகளாக இடப்பெறும். குவென்யாவில் உயிர்க்குறி தனக்கு முன்வந்த மெய்யின் மேலும், சிந்தாரினில் தன்னை அடுத்துவரும் மெய்யின் மேலும் அமையும். பெரும்பாலான குவென்யாச் சொற்கள் உயிரில் முடிவதும், சிந்தாரின் சொற்கள் பலவும் மெய்யில் முடிவதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

குவென்யாவில் அகரம் மிகப் பயின்று வருதலால் அதன் குறியை விட்டுவிடும் வழக்கமும் இருந்ததாகக் கூறப்படுகிறது. ‘விளக்கு’ எனப் பொருள்படும் ‘கல்மா’ என்னும் சொல்லைக் ககர, லகர, மகர மெய்களை மட்டும் கொண்டு எழுதலாம். அம்மொழியில் ககர லகர மெய்கள் இணைந்து சொல் தொடங்காது. மகரத்தில் சொல் முடியாது. ஆதலின் படிப்பவர் உரிய இடங்களில் அகரத்தை நிரப்பிக்கொள்வர். ‘கலமா’ எனப் படிக்க வாய்ப்புண்டாயினும் அவ்வாறு ஒரு சொல் இல்லை. புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்த நம் பதிப்பாசிரியர்களும் மெய்ம்மயக்கம், மொழியிறுதி, சொல்வழக்கு ஆகிய இவற்றின் துணைகொண்டே மெய் எது, அகரமேறிய மெய் எது எனத் துணிந்தனர். இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எழுத்தைப் படிப்பதற்கு மொழியின் இலக்கணம் தெரிந்திருத்தல் வேண்டும் என்னும் பொது உண்மையை இரண்டும் காட்டுகின்றன. இந்நுட்பம் அணிகலனாகப் புனைந்த எழுத்தில் அமைவதன்று.

தமிழில் எழுதுவதன் சிக்கல்

குவென்யாவில் ஒலிப்புடை வெடிப்பொலிகள் சொல் முதலில் வாரா. மூக்கொலியையும் லகர ரகரங்களையும் அடுத்தே வரும். டோல்கீன் விரும்பிக் கற்ற ஃபின்னிய மொழியின் சாயல் இது. தமிழிலும் வல்லினம் மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடையதாகும். இவ்வொப்புமையைக் கொண்டு குவென்யா தமிழ் எழுத்துக்கு எளிதில் அடங்கும் எனக் கருதுதல் பிழை. குவென்யாவில் ‘வாய்’ என்னும் பொருளுடைய சொல்லில் னகரத்தை அடுத்த தகரம் ஒலிப்பிலாதது. ‘வாயில்’ என்னும் பொருளுடைய சொல்லில் ஒலிப்புடையது. இவ்வேறுபாடொன்றே இரு சொற்களையும் பிரிக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ‘அந்தோ’ என ஒன்றாகிவிடும். ‘மனிதன்’ எனப் பொருள்படும் சொல்லை ‘அதன்’ என எழுதின் தகரம் மெலிந்து ஒலிக்கும். ‘அத்தன்’ என இரட்டித்தால் குவென்யாவில் பொருள் வேறுபாட்டுக்குரிய ஒலியளவு மாறிவிடும்.

பெயர்களில் மற்றொரு சிக்கல் உண்டு. குவென்யாவை இயன்றவரை இலத்தீன் போலத் தோன்ற எழுதும் நோக்கில், ககர ஒலிக்கு இலத்தீனின் மூன்றாம் எழுத்தையே ஆசிரியர் தேர்ந்தார். அவ்வெழுத்து எல்லா இடங்களிலும் ககரமே என அவர் விதித்தும், ஆங்கிலப் பழக்கத்தால் ‘செலெபோர்ன்’ எனப் படிப்போர் பலர். ‘கெலெபோர்ன்’ என்பதே உரிய ஒலிப்பு. தமிழில் பெயர்ப்போர் ஆங்கிலச் செவிவழக்கைப் பின்பற்றாது பின்னிணைப்பின் விதியைப் பின்பற்றுதலே முறை.

ஒலியும் மதிப்பீடும்

டோல்கீனின் சாதனையும் குறையும் ஒருங்கே புலப்படும் இடம் இதுவே. அவர் மறைவுக்குப்பின் அவர் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் பதிப்பித்து 1996இல் வெளிவந்த ‘தி பீப்பிள்ஸ் ஆஃப் மிடில்-எர்த்’ தொகுதியில் ஓர் ஒலிமாற்றம் பற்றிய கட்டுரை உள்ளது. நோல்டோர் குடியினரிடையே பல்லிடை உரசொலி சகரமாகத் திரிந்தது. தன் தாயின் பெயரில் அமைந்த பழைய ஒலியை விடலாகாது என ஃபெயனோர் வற்புறுத்தினான்; புதிய ஒலியை மேற்கொண்டோரைத் தாய்க்கு இழிவு செய்தவராகக் கருதினான். ஓர் ஒலித்திரிபு குடும்பப் பகையோடு பிணைகிறது. இவ்வெழுத்துமுறையை வகுத்தவன் ஃபெயனோர் என்பதே கதைமரபு. அவ்வொலிக்குரிய எழுத்தின் பெயர் ‘சூலே’ என்னும் புதிய வடிவோடு பழைய ஒலியுடைய வடிவையும் தாங்கிப் பட்டியலில் நிற்பது இவ்வரலாற்றின் சுவடு.

ஆயின் எல்லா ஒலிகளுக்கும் இத்தகைய வரலாற்று நியாயம் வழங்கப்படவில்லை. ஓர்க் இனத்தாரும் குறள் மாந்தர் சிலரும் உள்நாக்கு ரகரத்தை ஒலித்தனர் என்றும், அது எல்ஃப்களுக்கு வெறுப்பூட்டியது என்றும் பின்னிணைப்பு கூறுகிறது. உள்நாக்கு ரகரம் பிரெஞ்சு, ஜெர்மன் மொழியினர் பலருக்கு இயல்பான ஒலி. ஒலிக்கு நன்மை தீமை இல்லை. வெறுப்பு கேட்பவர் செவியில் உள்ளது. ‘கூறுவர்’, ‘கருதினர்’ என ஆசிரியர் அதனைப் பிறர் கூற்றாக அமைத்தார் எனினும், நல்லோர் மொழி இன்னொலியும் தீயோர் மொழி வன்னொலியும் கொள்ளும் பாகுபாடு புதினம் முழுதும் பரவியுள்ளது. வல்லினம், மெல்லினம் என வகுத்த நம் இலக்கணம் அவற்றுள் உயர்வு தாழ்வு கற்பிக்கவில்லை.

இக்குறைக்கு மாற்றும் அந்நூலிலேயே உள்ளது. தீய மோதிரத்தில் பொறிக்கப்பட்டிருப்பது மோர்டோரின் மொழி. எழுத்தோ எல்ஃப்களின் தெங்வார். வலப்புறம் திறந்த ஒரே சுழிக்குறி மோதிரத்தில் உகரத்தையும், நூலின் தலைப்புப் பக்கத்திலுள்ள தெங்வார் வரிகளில் ஒகரத்தையும் குறிக்கிறது. மோர்டோரின் மொழியில் ஒகரம் அரிது என்பதே அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

முடிவுரை

தெங்வாரின் சிறப்பு அதன் சமச்சீரில் இல்லை. எழுத்தை மொழியின் இயல்போடும் திரிபோடும் பிணைத்ததில் உள்ளது. அதன் குறை, ஒலியை மாந்தர் குணத்தின் அடையாளமாக்கியதில் உள்ளது. ஒலியிடத்து வேற்றுமை பாராட்டிய ஆசிரியர் எழுத்தை எவர்க்கும் பொதுவாக்கினார். இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள முரணை உணராமல் அந்நூலின் மொழிப்படைப்பை மதிப்பிடுதல் நிறைவுடையதாகாது.