நூலடுக்கின் நடுநிலை

காலி வீதியின் பஸ் இரைச்சலுக்குச் சற்று அப்பால், வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் ஸ்தாபிதமான கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலே, தலையை ஒரு புறம் சரித்து நூல்முதுகுகளை வாசித்துக்கொண்டு நடப்பது பரம சுகமான காரியம்.

நூலகவியலார் போற்றும் டூயியின் தசாம்சப் பகுப்பிலே சமயத்துக்குரிய 200ஆம் வகுப்பில் நாஸ்திகத்துக்கும் ஆசனமுண்டு. ஆறுமுக நாவலரும் அவர் கண்டனம் செய்த பாதிரிமாரும் அங்கே அயலவராகிவிடுகிறார்கள். (பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணை நின்றவரும் அந்த நாவலரே!)

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகன் உளன் என்பதைச் சீர்காழியிற் பிறந்த நூலகவியலறிஞர் ரங்கநாதன் 1931இல் விதியாகவே வகுத்தார்; ஆகவே, தலைப்பைக் கண்டு புருவம் நெரிக்காமல் திகதி முத்திரை குத்தித் தருகின்ற நூலகரின் உதாசீனத்தை, நான் உயர்ந்த மரியாதையாகவே கொள்கிறேன்.